மெயின்பிரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி எதற்கு?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா வேலை செய்கிறார் என்றும், சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது என்றும், பட்டணத்து ஏடிஎம்மில் அதை எடுத்துக்கொள்கிறோம் என்றும் எழுதிவிட்டு, கணினித் துறையில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வங்கியின் மெயின்பிரேம் என்ற பெரிய கணினி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கணக்குகளைக் கையாளும் வல்லமை உடையதென்றால், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்துக்கு மட்டும் அதன் பக்கத்தில் தனிப் பெட்டி எதற்கு? அந்தப் பெட்டிகள் எப்போது வந்தன, இன்றும் இருக்கின்றனவா? நானும் இதே பட்டணத்தில் வளர்ந்தவன். கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கணினிக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

குறியாக்கம் கணக்குப் பளு மிகுந்த வேலை, அதைத் தனிச் சில்லு விரைவாகச் செய்யும் என்பது உண்மையே. ஆனாலும் வங்கிகள் அந்தப் பெட்டிகளுக்குப் பணம் கொடுத்ததற்கு வேகம் முதற்காரணமாக இருந்ததில்லை. குறியாக்கவும் தெளிவாக்கவும் தேவைப்படும் இரகசிய எண்ணைச் சாவி என்போம். மெயின்பிரேமை இயக்கும் ஆள்களின் கண்ணில் அந்தச் சாவி படக்கூடாது என்பதே முதற்காரணம். வெளியே இருக்கும் திருடனைத் தடுக்கக் கதவும் காவலாளியும் இருந்தார்கள். உள்ளே, இரவு ஷிப்டில் இயந்திரத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரையும், இயங்குதளத்தின் அடிவயிறுவரை கையை நுழைக்கக்கூடிய சிஸ்டம்ஸ் புரோகிராமரையும் என்ன செய்வது? இந்தப் பெட்டிகளின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

மெயின்பிரேமின் நினைவகத்தில் ஒரு சாவியை வைத்தால் அது எங்கெங்கே போகும் என்று பாருங்கள். புரோகிராம் ஒன்று இடையில் விழுந்துவிட்டால், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் பதினாறடிமான எண்களாக மடிப்புத்தாளில் அச்சடித்துத் தள்ளுவது அந்நாளைய வழக்கம். அதை டம்ப் என்போம். அந்தத் தாள் கட்டு விடியும்வரை ஏதாவதொரு மேசைமேல் கிடக்கும், பலர் புரட்டிப் பார்ப்பார்கள், பிழை கண்டுபிடித்த பிறகு குப்பைக்குப் போகும். சாவி டிஸ்க்கில் இருந்தால் இரவு எடுக்கும் காப்பு நாடாவிலும் ஏறிவிடும், அந்த நாடா வேனில் வேறு கட்டடத்துக்குப் போகும். குறியாக்க முறை எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், சாவி இப்படி ஊர் சுற்றினால் பயன் இல்லை.

இந்தச் சிக்கலை முதலில் கூர்மையாக உணர வைத்தது பணம் தரும் இயந்திரம்தான். 1967 ஜூன் 27 அன்று லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி வைத்த இயந்திரம் கணினியோடு இணைக்கப்படாதது. 1972இல் லாய்ட்ஸ் வங்கி வைத்த ஐபிஎம் 2984, தொலைபேசிக் கம்பி வழியாக மெயின்பிரேமோடு பேசியது. பணம் கொடு என்ற கட்டளை பொதுக் கம்பியில் போகும்போது அதை யாரும் போலியாகச் செய்யாமல் இருக்க வேண்டும் என்ற தேவை அங்கே எழுந்தது. ஐபிஎம்மில் ஹோர்ஸ்ட் ஃபைஸ்டல் உருவாக்கி வந்த லூசிஃபர் என்ற குறியாக்க முறையின் ஒரு வடிவம் அந்த வேலைக்குப் பயன்பட்டது.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான என்பிஎஸ் 1973 மே மாதத்தில், பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு குறியாக்க முறையைத் தருமாறு அறிவிப்பு விடுத்தது. தகுந்தது எதுவும் வராததால் 1974 ஆகஸ்டில் மறுபடியும் கேட்டது. வால்டர் டக்மன், கார்ல் மேயர் முதலியோர் ஐபிஎம்மில் லூசிஃபரிலிருந்து வளர்த்தெடுத்த முறை தேர்வாகி, 1977 ஜனவரி 15 அன்று ஃபிப்ஸ் 46 என்ற அமெரிக்க அரசுத் தரமாக வெளியானது. அதுதான் டெஸ். ஒரு முறைக்கு 64 பிட் தரவை எடுத்து 56 பிட் சாவியால் குழப்பும். சாவி குட்டையாக இருக்கிறது என்று குறியாக்க ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அப்போதே கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு கோடி டாலர் செலவில் பத்து லட்சம் சில்லுகளைக் கொண்டு ஓர் இயந்திரம் கட்டினால், இருக்கக்கூடிய ஏறத்தாழ 720 கோடி கோடி சாவிகளையும் ஒரு நாளுக்குள் தேடிவிடலாம் என்று 1977இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உள்ளே கைவைத்து, எஸ்-பெட்டிகள் எனப்படும் அட்டவணைகளில் பின்கதவு வைத்துவிட்டது என்ற ஐயமும் பரவியது. அந்த ஐயம் தவறு. 1990 வாக்கில் ஆய்வாளர்கள் பிஹாமும் ஷமீரும் ஒரு புதிய தாக்குதல் முறையை வெளியிட்டபோது, டெஸ் அட்டவணைகள் அதை எதிர்க்கும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1974லேயே அது எங்களுக்குத் தெரியும் என்று ஐபிஎம்மின் டான் காப்பர்ஸ்மித் பின்னர் எழுதினார். சாவி நீளத்தைப் பற்றிய குறை மட்டும் நின்றது. அது சரியான குறைதான்.

ஃபிப்ஸ் 46இல் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. அரசுத் துறைகள் டெஸ்ஸைப் பயன்படுத்துவதானால் அது வன்பொருளில் செய்யப்பட்டிருக்க வேண்டும், மென்பொருளில் எழுதியது செல்லாது. 1993இல் அந்தத் தரம் திருத்தப்படும்வரை இந்த விதி நீடித்தது. பெட்டி செய்யும் தொழில் ஒன்று உருவானதற்குச் சந்தையின் தேவை பாதிக் காரணம் என்றால், இந்த ஒரு வரி மீதிப் பாதி என்பது என் கருத்து.

முதலில் வந்தவை கம்பியின் இரு முனைகளிலும் வைக்கும் பெட்டிகள். ஐபிஎம் 3845 மேசைமேல் வைப்பது, 3846 அடுக்குச் சட்டத்தில் பொருத்துவது. மோடத்துக்கும் முனையத்துக்கும் நடுவே உட்கார்ந்து, போவதைக் குழப்பும், வருவதைத் தெளிவாக்கும். கம்பியில் ஒட்டுக்கேட்பவனுக்கு இது போதும். ஆனால் மெயின்பிரேமுக்குள் நுழையும்போது எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்பதால், நான் முதலில் சொன்ன கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடையாக 1970களின் கடைசியில் வந்தது ஐபிஎம் 3848. சிஸ்டம்/370 மெயின்பிரேமின் சேனல் எனப்படும் இணைப்புப் பாதையில் டிஸ்க்கையும் டேப்பையும் இணைப்பதுபோல இதையும் இணைத்தார்கள். பெட்டிக்குள் முதன்மைச் சாவி ஒன்று மட்டும் நிலையாக இருக்கும். மற்ற ஆயிரக்கணக்கான சாவிகள் எல்லாம் அந்த முதன்மைச் சாவியால் குறியாக்கப்பட்டு மெயின்பிரேமின் டிஸ்க்கில் சாதாரணக் கோப்பாகக் கிடக்கும். ஒரு சாவியைப் பயன்படுத்த வேண்டுமானால், மெயின்பிரேம் அந்தக் குழம்பிய வடிவத்தையும் தரவையும் சேர்த்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி உள்ளேயே சாவியைத் தெளிவாக்கி, வேலையை முடித்து, விடையை மட்டும் திருப்பித் தரும். டம்ப் எடுத்தாலும், நாடா திருடு போனாலும், கையில் கிடைப்பது பயனற்ற எண்கள். எர்சாம், மாட்டியாஸ், மேயர், டக்மன் ஆகிய நால்வரும் 1978இல் வெளியிட்ட கட்டுரை இந்த ஏற்பாட்டை முழுவதும் விளக்குகிறது. முதன்மைச் சாவியின் சில பிட்டுகளைத் திருப்பிப்போட்டு வேறு வடிவங்கள் செய்து, தரவைக் குறியாக்கும் சாவிகளை ஒரு வடிவத்தாலும், சாவிகளைக் குறியாக்கும் சாவிகளை வேறொரு வடிவத்தாலும் பூட்டிவைத்தார்கள். ஒரு வேலைக்கான சாவியை இன்னொரு வேலைக்குத் திருப்பிவிட முடியாதபடி செய்வதே நோக்கம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்துத் தாக்குதல்கள் பலவும் இங்கேதான் நுழைந்தன.

ஐபிஎம்முக்கு வெளியே இதே வேலையை வேறு கோணத்திலிருந்து தொடங்கியவர் எகிப்தில் பிறந்த முகமது அட்டாலா. பெல் ஆய்வகத்தில் 1959இல் டாவோன் கானோடு சேர்ந்து மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை உருவாக்கியவர். இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கும் சில்லுகள் அனைத்தும் அந்த வழியில் வந்தவை. அவரே 1970களின் தொடக்கத்தில் வங்கிகளின் பின் எண்ணைக் காக்கும் பெட்டிகளைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். அட்டாலா பெட்டி என்ற பெயர் வங்கித் துறையில் நிலைத்துவிட்டது. அந்த நிறுவனத்தை 1987இல் டேன்டம் வாங்கியது, டேன்டத்தைக் காம்பேக், காம்பேக்கை எச்பி என்று கை மாறிக்கொண்டே போனது. பிரிட்டன் பக்கத்தில் ராகல் நிறுவனத்தின் ஆர்ஜி 7000 வரிசைப் பெட்டிகள் 1980களில் பரவின. அந்தத் தொழில் பின்னர் தாலெஸ் கைக்குப் போய், இன்று பேஷீல்டு என்ற பெயரில் தொடர்கிறது. ஐபிஎம் மெயின்பிரேம் வைத்திருந்த வங்கிகள்கூடப் பின் எண் வேலைக்கு இவ்வகைப் பெட்டிகளை வாங்குவது சாதாரணமாக நடந்தது.

இனி சம்பள நாளன்று பட்டணத்து ஏடிஎம்மில் உங்கள் அப்பா பின் எண்ணை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அழுத்திய எண் விசைப்பலகையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, கணக்கு எண்ணின் இலக்கங்களோடு கலந்து, அந்த இயந்திரத்துக்கு மட்டும் உரிய சாவியால் குறியாக்கப்படுகிறது. ஏடிஎம் வேறு வங்கியினுடையது என்றால், அந்த வங்கியின் பெட்டி அதை அந்த இயந்திரத்தின் சாவியிலிருந்து, வங்கிகளை இணைக்கும் இடைமாற்று வலையமைப்பின் சாவிக்கு மாற்றித் தருகிறது. இப்படிச் சாவி மாறும் ஒவ்வொரு முறையும் பின் எண் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் பெட்டிக்குள் தெளிவாக இருக்கும், வெளியே ஒருபோதும் இருக்காது. கடைசியில் உங்கள் அப்பாவின் வங்கியிலுள்ள பெட்டிக்கு வந்து சேர்ந்து, சரி அல்லது தவறு என்ற ஒற்றைச் சொல்லாக மெயின்பிரேமுக்குப் போகிறது.

சரிபார்ப்பது எப்படி? ஐபிஎம் 3624 என்ற ஏடிஎம்மோடு வந்து உலகெங்கும் பரவிய முறையைச் சொல்கிறேன். வங்கி பின் எண்ணை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கணக்கு எண்ணை எடுத்து, பின் சாவி எனப்படும் இரகசியச் சாவியால் டெஸ் செய்கிறது. பதினாறு பதினாறடிமான இலக்கங்கள் வருகின்றன. அவற்றில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் இருக்கும் என்பதால், ஓர் அட்டவணையைக் கொண்டு எழுத்தை இலக்கமாக்குகிறார்கள்: ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே எஃப் என்றால் 5. முதல் நான்கும் 7, பி, 3, எஃப் என்று வந்தால், அது 7135 ஆகிறது. இது இயற்கைப் பின் எண். வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த 2580 வேண்டும் என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கம் இலக்கமாகக் கணக்கிட்டு 5455 என்று கோப்பில் எழுதிவைத்தால் போதும். ஏழோடு ஐந்து பன்னிரண்டு, பத்தை விட்டால் இரண்டு; ஒன்றோடு நான்கு ஐந்து; மீதியும் அப்படியே. 5455 யார் கையில் கிடைத்தாலும் கேடில்லை, ஏனென்றால் பின் சாவி இல்லாமல் 7135ஐ யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வங்கியின் அத்தனை வாடிக்கையாளர்களின் பின் எண்களும் ஒரே ஒரு சாவியில் தொங்குகின்றன என்பதுதான் இதன் மறுபக்கம்.

புதிய அட்டைக்குப் பின் எண் தபாலில் வந்த காலத்தில், அதை அச்சடித்த இயந்திரம் மெயின்பிரேமில் இணைந்திருக்காது. பெட்டியின் முதுகிலிருந்தே அதற்குக் கம்பி போகும். ரிப்பன் இல்லாத டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, ஒட்டி மூடிய உறையின்மேல் வெறும் ஊசியால் குத்தும், உள்ளே இருக்கும் தாளில் மட்டும் எண் பதியும். உறையின் வெளிப்புறத்தில் கருப்புக் கோலம் அச்சாகியிருப்பதால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் படிக்க முடியாது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசுக்கு வந்து, எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் பழக்கத்தில், அந்த உறை எத்தனை கை மாறி லயத்துக்குப் போனது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கருப்புக் கோலத்தின் அருமை விளங்கும்.

பெட்டியில் முதன்மைச் சாவியை ஏற்றும் நாள் கணினிக்கூடத்தில் ஒரு சடங்கு போலவே நடக்கும். சாவியை ஒரு ஆள் முழுவதுமாக அறியக் கூடாது என்பதால் அது இரண்டு அல்லது மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒருவர் பொறுப்பில், முத்திரையிட்ட உறையில், தனித்தனி இரும்புப் பெட்டியில் இருக்கும். தோட்டத்து ஆபீசின் பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவி துரையிடமும் மற்றொன்று கிராணியிடமும் இருந்ததைப் போன்ற ஏற்பாடுதான். ராகல் வழிவந்த பெட்டிகளின் முகப்பில் உண்மையாகவே இரண்டு பூட்டுகள் உண்டு. இரண்டு இரும்புச் சாவிகளையும் திருப்பினால்தான் பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போய் இந்த வேலைக்கு இடம் கொடுக்கும். பொறுப்பாளர் ஒருவர் உள்ளே போய், உறையைப் பிரித்து, பதினாறடிமான இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள் அல்லது வெளியே இருப்பார்கள். தட்டி முடித்ததும் பெட்டி ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்றைக் காட்டும். சாவியைக் கொண்டு வெறும் பூச்சியங்களைக் குறியாக்கினால் வரும் விடையின் முதல் ஆறு இலக்கங்கள் அவை. தாளில் உள்ளதோடு ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவர் வருவார். பகுதிகளைப் பெட்டி பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, ஒத்தால் 0, வேறுபட்டால் 1 என்று எழுதும் எக்ஸ்ஓஆர் கணக்கால் ஒன்றாக்கும். இதன் அழகு என்னவென்றால், மூன்றில் இரண்டு பகுதிகளை அறிந்தவருக்கு முழுச் சாவியைப் பற்றி ஒரு பிட்கூடத் தெரியாது.

1980களின் இறுதியிலிருந்து பெட்டி மெல்ல மெல்ல மெயின்பிரேமுக்குள் போகத் தொடங்கியது. 1989இல் ஐபிஎம் 4753 என்ற சேனல் பெட்டியும், சிசிஏ என்ற பொதுக் கட்டளைத் தொகுப்பும் வந்தன. 1990இல் சிஸ்டம்/390 வந்தபோது, குறியாக்க வசதி செயலியோடு உள்ளேயே பொருந்தியது. அதை ஆள ஐசிஎஸ்எஃப் என்ற மென்பொருள் வந்தது, இன்றும் அதுதான் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் முழுக் குறியாக்கியும் ஒரே சில்லாகச் சுருங்கியது.

அந்த ஆண்டுகளில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இன்னொரு தலைவலி இருந்தது. அமெரிக்கா குறியாக்கக் கருவிகளைப் போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. 1996இல்தான் வணிகக் குறியாக்கத்தை அதிலிருந்து எடுத்து வணிகத் துறையின் பொறுப்பில் விட்டது. பின் எண்ணைக் காப்பதற்கென்றால் வங்கிகளுக்கு அனுமதி எளிதில் கிடைத்தது. பொதுத் தரவைக் குறியாக்க வேண்டும் என்றால் கதை வேறு. இதற்காகவே ஐபிஎம் சிடிஎம்எஃப் என்ற ஒரு நொண்டி வடிவத்தை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. வெளியில் பார்க்க டெஸ்தான், 56 பிட் சாவிதான். உள்ளே அதை 40 பிட் வலிமைக்குக் குறைத்துவிடும். பதினாறு பிட் குறைந்தால், தேட வேண்டிய சாவிகளின் எண்ணிக்கை 65,536 மடங்கு சுருங்கும். இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தரவைத் திரையிட்டு மறைப்பது என்று பொருள்படும்படி அவர்களே பெயர் வைத்தது ஒரு நேர்மைதான்.

1997இல் வந்த ஐபிஎம் 4758 அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணினிக்குள் செருகும், உள்ளங்கையைவிடப் பெரிய பிசிஐ அட்டை ஒன்றுக்குள் ஒரு முழுக் கணினியை அடக்கி, அதைச் சுற்றி மின் இழைகளாலான வலையைச் சுற்றி, பிசின் ஊற்றிக் கெட்டியாக்கி, உலோகக் கூட்டில் மூடினார்கள். துளை போட்டால் இழை அறும். இழை அறுந்தால் சாவிகள் உடனே அழியும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிக் குழப்பப் பார்த்தாலும், எக்ஸ்ரே பாய்ச்சினாலும், அதிகமாகக் குளிரூட்டினாலும் அதே முடிவு. குளிருக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்றால், நினைவகச் சில்லை உறைய வைத்தால் மின்சாரம் போன பிறகும் அதிலுள்ளது சிறிது நேரம் தங்கும் என்பதால். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கு இறங்கினால் அட்டை தன்னையே கொன்றுகொள்ளும். அதனால் விமானத்தின் சரக்கறையில் அனுப்பும்போதுகூடக் கவனம் வேண்டியிருந்தது. மின்கலத்தைத் தவறாகக் கழற்றினாலும் அட்டை திரும்ப உயிர் பெறாது. 1998இல் இது குறியாக்கக் கருவிகளின் பாதுகாப்பை அளக்கும் ஃபிப்ஸ் 140-1 தரத்தின் மிக உயர்ந்த நான்காம் நிலையைப் பெற்றது. அந்த அளவை முழுமையாக எட்டிய முதல் கருவி இதுவே. 1999இலிருந்து இதே அட்டை மெயின்பிரேமுக்குள்ளும் பொருந்தியது.

அவ்வளவு கெட்டியான அட்டையைத் துளை போடாமலே திறந்தார்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில். 2001இல் மைக் பாண்ட், ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும் செய்ததன் சாரம் இது. டெஸ் குட்டை என்பதால் அப்போதைக்குள் வங்கிகள் இரண்டு சாவிகளைக் கோத்து மூன்று முறை குறியாக்கும் டிரிபிள் டெஸ்ஸுக்கு மாறியிருந்தன. ஆனால் இரண்டு பாதியும் ஒன்றாகவே உள்ள சாவியைச் செய்யவும் அட்டையின் கட்டளைகள் இடம் கொடுத்தன. அப்படிப்பட்ட சாவியின் வலிமை பழைய ஒற்றை டெஸ்ஸின் வலிமைதான். உரிய அனுமதி உள்ள ஓர் உள்ளாள் இத்தகைய சாவிகளை ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றாலும் ஒரே தரவைக் குறியாக்கி எடுத்துக்கொண்டு போனால், அவற்றில் ஏதேனும் ஒன்று சிக்கும்வரை தேடினால் போதும். ஏறத்தாழ 1000 டாலர் விலையுள்ள, வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லுடன் வரும் எஃப்பிஜிஏ பலகை சில நாள்களில் அதைக் கண்டுபிடித்தது. பிறகு மற்றச் சாவிகளை அந்தப் பலவீனமான சாவியின் கீழே ஏற்றுமதி செய் என்று அட்டைக்கே கட்டளையிட்டால், அட்டை பணிவோடு செய்துவிடும். வன்பொருள் எந்த விதத்திலும் தோற்கவில்லை. கட்டளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒழுங்கானவை, வரிசை மாறிச் சேரும்போது மட்டும் பிழையானவை. ஐபிஎம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

2003இல் பாண்டும் பியோத்தர் ஜீலின்ஸ்கியும் வெளியிட்டது இன்னும் எளிமையானது. மேலே பின் எண் கணக்கில் ஓர் அட்டவணை சொன்னேன் அல்லவா, ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று. அந்த அட்டவணை இரகசியம் இல்லை என்பதால், ஒவ்வொரு முறையும் மெயின்பிரேமே அதைப் பெட்டிக்கு அனுப்பும்படி கட்டளையை வடிவமைத்திருந்தார்கள். உள்ளாள் ஒருவன் அட்டவணை முழுவதையும் பூச்சியமாக்கி, ஏழுக்குரிய இடத்தில் மட்டும் 1 என்று போட்டு, 0000 என்ற பின் எண் சரியா என்று கேட்கிறான். சரி என்று வந்தால் இயற்கைப் பின் எண்ணில் ஏழு இல்லை. தவறு என்று வந்தால் இருக்கிறது. இப்படியே ஒவ்வோர் இலக்கத்தையும் கேட்டு, பிறகு வரிசையையும் கண்டுபிடித்துவிடலாம். குருட்டாம்போக்கில் ஊகித்தால் சராசரி 5000 முறை தேவைப்படும் நான்கிலக்கப் பின் எண், அவர்கள் வழியில் சராசரி 15 கேள்விகளில் விழுந்தது. அரை மணி நேர மதிய உணவு இடைவேளையில் ஓர் ஊழியர் ஏறத்தாழ 7000 பின் எண்களை எடுக்கலாம் என்று கணக்கும் கொடுத்தார்கள். கால் நூற்றாண்டாக உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளை அது. தாக்குபவன் பெட்டியைத் தொடவே இல்லை. கேள்வி மட்டும்தான் கேட்டான்.

டெஸ்ஸின் முடிவை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஜூலையில் இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ஓர் இயந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் ஒரு சாவியைக் கண்டுபிடித்தது. டிஃபியும் ஹெல்மனும் சொன்னது இருபது ஆண்டு கழித்து, அவர்கள் சொன்னதைவிட மிகக் குறைந்த விலையில் நடந்தது. 2001 நவம்பரில் டெஸ்ஸுக்குப் பதிலாக ஏஇஎஸ் என்ற புதிய முறை தரமானது. 2005இல் டெஸ் திரும்பப் பெறப்பட்டது. வங்கிகளின் பின் எண் வேலையில் டிரிபிள் டெஸ் மட்டும் இன்னும் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் ஏடிஎம் விசைப்பலகைகளை ஒரே நாளில் மாற்ற முடியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெட்டி இன்றும் இருக்கிறது, இரண்டு வேலையாகப் பிரிந்திருக்கிறது. 2003இல் வந்த இசட்990 என்ற ஐபிஎம் மெயின்பிரேம் முதல், வேகம் தேவைப்படும் குறியாக்கத்தை ஒவ்வொரு செயலியோடும் ஒட்டிய சிபிஏசிஎஃப் என்ற பகுதி செய்கிறது. சாவியை மறைத்து வைக்கும் வேலையைக் கிரிப்டோ எக்ஸ்பிரஸ் என்ற அட்டைகள் செய்கின்றன. 4758இன் நேர் வாரிசுகள் அவை. 2009 வாக்கில் இவை இரண்டையும் இணைக்கும் ஒரு நடுவழி வந்தது. அட்டையிலிருந்து வரும் சாவியை, இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் இன்னொரு சாவியால் சுற்றி, செயலியிடம் கொடுப்பது. 2017இல் இசட்14 வந்தபோது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் எப்போதும் குறியாக்கியே வைக்கலாம் என்று ஐபிஎம் துணிந்து சொன்னதற்கு அடித்தளம் இதுதான். 2022இல் இசட்16உடன் வந்த அட்டைகள், குவாண்டம் கணினியைத் தாங்கக்கூடிய புதிய முறைகளையும் செய்கின்றன. 2017 ஜூலையில் மலேசியாவில் கடைகளில் அட்டையால் பணம் கட்டும்போது கையெழுத்து போய் ஆறிலக்கப் பின் எண் வந்தபோதும், பின்னணியில் சரிபார்க்கும் வேலை இவ்வகைப் பெட்டிகளிடமேதான் இருந்தது.

இவ்வளவும் காக்காத ஒன்றும் உண்டு. தோட்டப்புறங்களில் கடனுக்கு ஈடாக ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் மளிகைக் கடைக்காரரிடமோ ஆலோங் எனப்படும் வட்டிக்காரரிடமோ கொடுத்துவைக்கும் பழக்கத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்காம் நிலைச் சான்றிதழ் பெற்ற அட்டையும் அங்கே சரி என்றுதான் பதில் சொல்லும்.

படிப்புக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் ஒரு பயிற்சியும் சொல்கிறேன். பைத்தானில் டெஸ் நூலகம் ஒன்றை எடுத்து, நீங்களே உருவாக்கிய கணக்கு எண்ணையும் சாவியையும் வைத்து, மேலே சொன்ன 3624 கணக்கைச் சரிபார்ப்புச் சார்பு ஒன்றாக எழுதுங்கள். அட்டவணையை அழைப்பவரே கொடுக்கும்படி வையுங்கள். பிறகு சாவியைப் பார்க்காமல், அந்தச் சார்பைக் கேள்வி கேட்டு மட்டும் பின் எண்ணை எடுக்க இன்னொரு நிரல் எழுதுங்கள். முதலில் இருபது முப்பது கேள்விகள் ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் முந்தைய விடையைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் சராசரி பதினைந்துக்கு இறங்கும். அது முடிந்ததும், அட்டவணையைச் சார்புக்குள்ளேயே பூட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.